பின்னால் கேட்ட குரல்

பாச்சாங் பசாரில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் கெம்போங் மீன் கண் தெளிவாக இருக்கும். அதற்கு மேல் போனால், வீரப்பன் ஐஸை அள்ளி அள்ளிப் போட்டு, இப்போதுதான் கடலிலிருந்து நடந்து வந்த மீன் மாதிரி காட்டுவான். தாரணிக்கு இது தெரியும். அதனால் ஆறரைக்கெல்லாம் பவானேஸ்வரியைக் கிளப்பிவிடுவாள். பவானேஸ்வரி கார் ஓட்டுவாள், தாரணி மீன் பார்ப்பாள். பதினோரு வருடமாக இப்படித்தான்.

இந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், கண்ணுகளா. இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்பவர்கள். மூத்தவள் பவானேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவள் கணவர் திவாகருக்குத் தண்ணீர் ஆபீஸில் வேலை. இளையவள் தாரணிக்கு முப்பத்தெட்டு. அவள் புருஷன் குகன் லோரிக்காரன். ஜோகூர் துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றிப் போனால் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான்.

அன்றைக்கும் தாரணி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னா வீரப்பண்ணே, செவுளு செவப்பா இருக்கணும். இது உங்க சட்டை கலர்ல இருக்கு."

வீரப்பனின் சட்டை ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று பசாரில் யாருக்கும் தெரியாது.

"தங்கச்சி, நாலு மணிக்கு எறக்குனது. என் புள்ளைங்க மேல சத்தியம்."

"உங்களுக்குப் புள்ளைங்களே இல்லியேண்ணே."

"அதான் தைரியமா சத்தியம் பண்றேன். எடுத்துக்க லா. உனக்குன்னு ஒதுக்கி வெச்சது."

தாரணி சிரித்தாள். நல்ல மீனாகப் பொறுக்கித் தட்டில் வைத்து எண்ணினாள். "ஒன்று... இரண்டு... மூன்று..." அவள் எண்ணும்போது மட்டும் வார்த்தைகள் தனித்தனியாக, சுத்தமாக வரும். அது பழக்கமாகிவிட்டது.

"நான்கு! நாம் எல்லாரும் கைதட்டுவோம்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று கைதட்டிக்கொண்டு நின்றது. தன் அம்மாவின் பையைப் பிடித்து இழுத்தது. "அம்மா! இவுங்கதாம்மா! போன்ல பேசற டீச்சர்!"

அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். அவளும் ஆசிரியைதான், பெயர் ராகினி, ஆலோர் காஜா பக்கம் ஒரு பள்ளி. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"ஐயோ, நீங்கதான் பவானேஸ்வரி டீச்சரா? எங்க வீட்டுல தினம் காலையில உங்க குரல்தான் டீச்சர். இவ உங்கள கேக்காம பசியாற மாட்டா. எங்க ஸ்கூல்ல மொதல் வகுப்பே உங்க பாடத்த வெச்சிதான் ஓடுது."

தாரணி, தன் பக்கத்தில் கங்கோங் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பவானேஸ்வரியைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல.

அந்த ஒரு நிமிடத்தை எத்தனையோ விதமாகக் கடந்திருக்கலாம். பவானேஸ்வரி பிறகு அதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஆனால் அப்போது அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான்தான் பவானேஸ்வரி. இவ... எங்க வீட்டுல வேலைக்கு ஒத்தாசையா இருக்கற பொண்ணு. நான் எழுதிக் குடுப்பேன், இவ வாசிப்பா. எனக்குத் தொண்டை சரியில்ல, அதான்."

ராகினிக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரிய ஆசிரியை சொல்வதைச் சந்தேகப்பட என்ன இருக்கிறது. "ஒரே ஒரு படம் எடுத்துக்கலாமா டீச்சர்?" என்று பவானேஸ்வரியின் தோளோடு ஒட்டி நின்றுகொண்டு, போனைத் தாரணியிடம் நீட்டினாள். "கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்மா."

தாரணி மீன் ஈரம் பட்ட கையைத் தன் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். போனை வாங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, டீச்சர்," என்றாள்.

படம் நன்றாக வந்திருந்தது.

அவர்கள் போன பிறகு வீரப்பன் மீனைப் பையில் போட்டான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். இன்னும் இரண்டு மீனை எடுத்து அதே பைக்குள் சொருகினான். தாரணி அந்த இரண்டையும் வெளியே எடுத்தாள். ஐஸ் மேலேயே திரும்ப வைத்தாள். வரிசை கலையாமல் வைத்தாள்.

---

இது எப்படித் தொடங்கியது என்று சொல்லாவிட்டால் பவானேஸ்வரியைத் திருடி என்று நினைத்துவிடுவீர்கள். அவள் திருடி இல்லை.

நோய்க் காலம். நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளி மூடிக் கிடந்தது. பிள்ளைகள் செம்பனைக் காட்டுக்கு நடுவில் லைன் கிடைக்காமல், ஒரு வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் எல்லாரும் கணினியில் பாடம் செய்து அனுப்பச் சொல்லிவிட்டார். பவானேஸ்வரிக்குச் சாக்கட்டியைக் கையில் கொடுத்தால் போதும், சிங்கம். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் எதைத் தட்டுவதென்றே தெரியாது. ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தேத்தண்ணி கொண்டு வந்த தாரணி எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா இது, கோயில் நோட்டீஸ் மாதிரி எழுத்து எழுத்தா இருக்கு?"

"பாடம்டி."

"ஏழு வயசுப் புள்ள இதப் பாக்குமா? எங்க கிலாங்குல நேப்பாளத்துக்காரன் வருவான், பங்களாதேசுக்காரன் வருவான். அவனுக்கு மலாயும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. மேசைக்கு மேல ஒரு அட்டை மாட்டுவோம். ஒரு படம், ஒரு அம்புக்குறி, ஒரு வேல. அவ்ளோதான். மூணாம் நாளு அவன் தனியா செய்வான்லா."

ஆயர் குரோவில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், தாரணி ஒன்பது வருடம் நின்று வேலை பார்த்தவள். அந்த அட்டைகளைக் கணினியில் வரைந்து கொடுத்தது அவள்தான். வேலை சுத்தம் என்று மேலாளர் அவளைத்தான் கூப்பிடுவார். பிறகு கிலாங்கை மூடிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். தாரணி வீட்டோடு நின்றுவிட்டாள்.

அன்று மாலைக்குள் அவள் ஒரு பாடம் செய்தாள். ஒரு மாங்காய், ஒரு அம்புக்குறி, ஒரு எழுத்து. பவானேஸ்வரியின் குரல் முப்பது வருடமாகத் தகரக் கூரை மழையோடு போட்டி போட்டுக் கரகரத்துப் போன குரல். அதனால் தாரணியே பேசிப் பதிந்தாள். பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது. அதையும் விட்டுவிட்டார்கள்.

டெலிகிராமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. கோகுலராஜ் என்ற ஆசிரியர் நடத்தினார். மூவாயிரம் பேர். ஒருவர் செய்த பாடத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே 'ஆக்கம்' என்று ஆசிரியர் பெயரும் மாநிலமும் இருக்க வேண்டும். அது குழுவின் விதி.

"யாரு பேரக்கா போடறது?"

"ஆசிரியருங்க பேருதான் போடணுமாம்."

"அப்ப உங்க பேரயே போடுங்க. நான் என்னா டீச்சரா?" என்று தாரணியே சிரித்துக்கொண்டு தட்டினாள்.

இரவுக்குள் நானூறு பேர் கை கூப்பியிருந்தார்கள். 'என்ன ஒரு கற்பித்தல் நுட்பம்!' என்று எழுதியிருந்தார்கள். என் ஓரகத்தி செய்தது என்று நாளைக்கு எழுதலாம் என்று பவானேஸ்வரி நினைத்தாள். நாளைக்கு இன்னும் இருநூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னொரு பாடம் போய்விட்டது. இப்படியே நாலு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பாடம். பள்ளி திறந்த பிறகும் நிற்கவில்லை.

அந்தக் குழுவில் பவானேஸ்வரி ஒருநாளும் குரல் பதிந்து அனுப்பியதில்லை. தட்டித்தான் பதில் எழுதுவாள். முகம் காட்டிப் பேசும் கூட்டம் வைத்தால் 'லைன் சரியில்லை' என்று எழுதுவாள். இருபத்தொன்பதாம் தேதி ஆயர் குரோவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பட்டறை. 'பவானேஸ்வரி டீச்சர் நேரில் செய்து காட்டுகிறார்' என்று கோகுலராஜ் விளம்பரம் போட்டிருந்தார். அதற்கும் சரி என்றுதான் எழுதியிருந்தாள். தாரணியைப் பக்கத்தில் உட்கார வைத்து எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

பசாரில் அது நடந்தபோது பட்டறைக்குப் பதினான்கு நாள் இருந்தது.

---

தாரணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அந்த மீனை அசாம் புளி போட்டு, வெண்டைக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எப்போதும்போல நடுத் துண்டைப் பவானேஸ்வரியின் தட்டில் வைத்தாள்.

"பசியாறுங்க, டீச்சர்," என்றாள்.

பதினோரு வருடமாக 'அக்கா'. இப்போது 'டீச்சர்'.

மடிக்கணினி மூடினது மூடினபடி இருந்தது. அதன் மேல் தாரணி தினமும் தூசி துடைத்தாள். திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குகன் வந்தான். குளித்துவிட்டுச் சட்டை போடாமல் வாசலில் காற்றுக்கு உட்கார்ந்தவன், பள்ளியிலிருந்து வந்து கார் கதவைச் சாத்திய பவானேஸ்வரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். என் பொண்டாட்டிக்கு வாரத்துல எந்த நாளு லீவு?"

திவாகர் உள்ளேயிருந்து, "என்னாடா பேச்சு இது?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இல்லண்ணே, வேலக்காரப் பொண்ணுக்கு லீவு குடுக்கணும்னு சட்டம் இருக்கு. தெரிஞ்சி வெச்சிக்கிட்டா கூட்டிட்டுப் போவ வசதியா இருக்கும்லா."

பவானேஸ்வரி செருப்பைக் கழற்றவே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

---

தானே ஒரு பாடம் செய்துவிடலாம் என்று அவள் முயன்றாள். ஞாயிறு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரு ரம்புத்தான் படமும் ஒரு அம்புக்குறியும் வைத்தாள். அம்புக்குறி ரம்புத்தானைக் காட்டாமல் சுவரைக் காட்டியது. தன் குரலையே பதிந்தாள். மறுநாள் வகுப்பில் திரையில் போட்டுக் காட்டினாள். பதினோரு பிள்ளைகள். இடி இடித்துக்கொண்டிருந்தது, மழை இன்னும் விழவில்லை, ஒரே புழுக்கம்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னா, நல்லா இல்லியா?"

யாஷினி என்ற பிள்ளை, முன்பல் இரண்டும் விழுந்தவள், எழுந்து நின்றாள். "டீச்சர், அந்தச் சித்திக்கு ஒடம்பு சரியில்லியா?"

"எந்தச் சித்தி?"

"பாடத்துல பேசற சித்தி. தாரணிச் சித்தி."

பவானேஸ்வரிக்குக் கையில் இருந்த மார்க்கர் வழுக்கியது. தாரணி ஒருநாளும் இந்தப் பள்ளிக்கு வந்ததில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா அந்தப் பேரு?"

"நீங்கதான் டீச்சர்." பிள்ளைக்கு இது புரியாத கேள்வியாக இருந்தது. "வாத்துப் பாடத்துல பின்னாடி நீங்க கத்துவீங்களே."

வகுப்பே ஒன்றாகச் சொன்னது, பாட்டு மாதிரி: "தாரணீ! தேத்தண்ணி என்னாச்சு? பிஸ்கட்டயும் சேத்து எடுத்தா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். பவானேஸ்வரிக்கு அந்த வரி தெரியும். இரண்டு வருடமாகச் சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதைத்தான் கத்துவார்கள். ஏதோ தொலைக்காட்சி நாடகத்தில் வருகிறது என்று நினைத்து அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

"அப்ப... ஒங்களுக்கெல்லாம் மொதல்லேருந்தே தெரியுமா, அது நான் பேசலன்னு?"

"உங்க குரலு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள் யாஷினி. பிறகு பல் இல்லாத இடத்தை நாக்கால் தொட்டுக்கொண்டு, மெதுவாக, "அம்மாதான் சொல்லிச்சி, அதப் பத்தி டீச்சர்கிட்ட கேக்கக் கூடாது, டீச்சர் வருத்தப்படுவாங்கன்னு."

மழை விழுந்தது. தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் மேற்கொண்டு பேச வேண்டிய தேவை இல்லாமல் போனது. அவள் பலகைப் பக்கம் திரும்பி, எழுத ஒன்றுமில்லாமல் நின்றாள். யாஷினியின் அப்பா தோட்டத்தில் காவலாளி, அம்மா கண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அந்த ஜனங்கள் இத்தனை நாளாக அவளுடைய மானத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காருக்குள்ளேயே உட்கார்ந்து போனில் அந்த வாத்துப் பாடத்தைத் தேடிப் போட்டாள். அறுபத்தொன்றாவது. 'குளத்தில் ஏழு வாத்துகள். எண்ணிப் பார்ப்போமா?' என்று தாரணி கேட்கிறாள். ஐந்தாவது வாத்து வரும்போது தூரத்தில் இவள் குரல் கேட்கிறது. அதட்டல் இல்லை. கோபம்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. ஏவிப் பழகிய குரல்.

---

குழுவில் எழுதினாள். எழுதி எழுதி அழித்து, கடைசியில் மூன்று வரி: 'என் பெயரில் வந்த பாடங்கள் எதையும் நான் செய்யவில்லை. என் ஓரகத்தி தாரணி செய்தாள். குரலும் அவளுடையது.'

பத்து நிமிடத்தில் பதில்கள் கொட்டின. 'இதுவல்லவோ தன்னடக்கம்!' 'நிறைகுடம், டீச்சர் நீங்கள்.' 'குடும்பத்தையும் பெருமைப்படுத்தும் உள்ளம்.' பூங்கொத்துகள், கூப்பிய கைகள். நூற்றுக்கணக்கில். ஒருவரும் நம்பவில்லை.

கோகுலராஜ் போன் செய்தார். முதல்முறையாக அவள் குரலைக் கேட்டதும் அவர் ஒரு நொடி தயங்கியது தெரிந்தது.

"டீச்சர், நெஜமாவா?"

"நெஜம்தான் சார். அவளையும் குழுவுல சேருங்க. பட்டறைய அவதான் நடத்தணும்."

"ஆசிரியர் இல்லாதவங்கள சேர்க்க விதி இல்லியே டீச்சர். பாருங்க, நான் சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. யார் வீட்டுலதான் யாரும் ஒதவி பண்ணல? எனக்குகூட என் மச்சான்தான் படம் வரஞ்சி குடுப்பான். இதெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டு... அறுபது பேரு பதிஞ்சிட்டாங்க. வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கதவைத் திறந்துதான் விட்டார். அந்தக் கதவு வழியாக நுழைந்து போய்விடலாம் என்று பவானேஸ்வரிக்கும் ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன்.

அடுப்படிக்குப் போனாள். தாரணி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தாரணி, இருபத்தொம்போதாம் தேதி நீயும் வா. மேடையில உன்ன நிக்க வெச்சி எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"எனக்கு அங்க என்னா வேல, டீச்சர்?"

"மன்னிப்பு கேக்கறேன்டி."

தாரணி கிள்ளுவதை நிறுத்தவில்லை. "அங்க நிக்க வெச்சி நீங்க மன்னிப்பு கேட்டா எல்லாரும் உங்களதான் பாப்பாங்க. என்னா நல்ல மனசுன்னு சொல்லுவாங்க. நான் அங்கயும் படம் எடுத்துக் குடுக்கணுமா?"

நெத்திலித் தலைகள் ஒரு பக்கம், உடல்கள் ஒரு பக்கம் குவிந்துகொண்டிருந்தன.

"குழுவுல எழுதினேன். யாரும் நம்பல."

"நீங்க எனக்கா எழுதுனீங்க? அவங்களுக்கு எழுதுனீங்க. பசார்ல சொன்னது அவங்ககிட்ட இல்ல டீச்சர், அந்த ராகினிகிட்ட. வீரப்பண்ணன் கேட்டுக்கிட்டு நின்னுச்சி. அந்தாளு எனக்கு ரெண்டு மீனு சும்மா குடுத்துச்சி, பாத்தீங்கல்ல?" அவள் குரல் அங்கே ஒருமுறை உடைந்து, உடனே ஒட்டிக்கொண்டது. "போங்க. அடுப்புப் பக்கம் நிக்காதீங்க, நெடி ஏறும்."

---

இருபத்தொன்பதாம் தேதி அவள் தனியாகத்தான் போனாள். மண்டபத்தில் பற்கள் கிட்டும் அளவுக்குக் குளிர். அறுபது ஆசிரியர்கள், அறுபது மடிக்கணினிகள். இரண்டாவது வரிசையில் ராகினி. கையசைத்தாள். கோகுலராஜ் பொன்னாடை போர்த்த வந்தார். பவானேஸ்வரி அதை வாங்கி மடித்து மேசை மேல் வைத்தாள்.

அவளுக்குக் கணினியில் தடுமாறாமல் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், ஒரு பைலைத் திறந்து ஓட விடுவது. வாத்துப் பாடத்தை ஓட விட்டாள். குளம் வந்தது. வாத்துகள் வந்தன. தாரணியின் குரல் மண்டபம் நிறைய வந்தது. எல்லாரும் புன்னகையோடு பார்த்தார்கள். ஐந்தாவது வாத்து வந்ததும் பின்னாலிருந்து, "தாரணீ! தேத்தண்ணி என்னாச்சு? பிஸ்கட்டயும் சேத்து எடுத்தா!"

மண்டபம் சிரித்தது. யாரோ, "டீச்சர் வீட்டு மாமியாரு போல!" என்றார்.

அவள் பாடத்தை நிறுத்தினாள். ஒலிவாங்கியைப் பிடித்து, அதே வரியை, அதே கரகரப்போடு சொன்னாள்.

"தாரணீ. தேத்தண்ணி என்னாச்சு. பிஸ்கட்டயும் சேத்து எடுத்தா."

சிரிப்பு அணைந்தது. ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறு பக்கம்வரை அது அணைந்துகொண்டே போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என் குரலு. எண்ணறது தாரணி குரலு. எல்லாப் பாடமும் அவ செஞ்சது. நான் பேரு மட்டும்தான் போட்டேன். இது தன்னடக்கம் இல்ல." மூச்சு வாங்கினாள். "ராகினி டீச்சர், பசார்ல ஒங்ககிட்ட நான் அவள வேலக்காரப் பொண்ணுன்னு சொன்னேன். அது பொய். அவ என் கொழுந்தன் பொண்டாட்டி. உங்க போன்ல இருக்கற அந்தப் படத்த எடுத்தது அவதான். தயவு செஞ்சி அத அழிச்சிடுங்க."

யாரும் கைதட்டவில்லை. ராகினி குனிந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருவர், "அப்ப இன்னிக்குப் பட்டறை?" என்று முணுமுணுத்தார். கோகுலராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி... தேநீர் இடைவேளை," என்றார்.

வெளியே மேசையில் மீ கோரெங்கும் தேநீரும் இருந்தன. அவள் பக்கத்தில் யாரும் வரவில்லை. ஒரு பெண் மட்டும் தட்டோடு இரண்டடி எடுத்து வைத்து, பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல் திரும்பிவிட்டாள். பவானேஸ்வரி கிளம்பும்போது கோகுலராஜ் கார்வரை வந்து, "பேர மாத்தி அனுப்புங்க டீச்சர். விதிய அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். அந்த மட்டுக்காவது செய்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பசாரில் நிறுத்தினாள். வீரப்பன் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான். மீன் எல்லாம் தீர்ந்திருந்தது.

"வீரப்பா, அன்னிக்கு நான் தாரணியப் பத்தி சொன்னது—"

"தெரியும் டீச்சர்," என்றான், தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "பதினோரு வருசமா ரெண்டு பேரும் ஒரே பையிலதான் மீனு வாங்கறீங்க. எனக்குத் தெரியாதா? நீங்க அப்பிடி சொல்லிட்டீங்களேன்னுதான் எனக்கு அசிங்கமா இருந்திச்சி."

---

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பைலைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் அவள் பெயர். ஒரு விரலால் தட்டித் தட்டி அழித்து, 'தாரணி' என்று போட்டாள். ஒரு பைலில் பன்னிரண்டு பக்கம். பிறகு இரண்டாவது பைல்.

தாரணி துணிக்கூடையோடு போனாள், வந்தாள். மறுபடி போனாள். மூன்று நாள் பார்த்தும் பாராமலும் நடந்தாள். நான்காம் நாள் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"ஒரு பைல்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே தட்டுல மாறும். அதுக்கு வழி இருக்கு."

"வேணாம்மா. ஒண்ணொண்ணாதானே போட்டோம்."

தாரணி துணி காயப் போட வெளியே போனாள்.

அடுத்த வாரம் அறுபத்தொன்றுக்கு வந்தாள். குளம். வாத்துகள். பேர் மாற்ற அதை ஓட விட வேண்டியதில்லை. ஆனாலும் ஓட விட்டாள். குரல் வந்தது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"தாரணி, இந்தச் சத்தத்த மட்டும் எப்பிடி வெட்டி எடுக்கறதுன்னு சொல்லேன். ஒன்ன கேவலமா ஏவறது ஊரெல்லாம் கேக்குது. புள்ளைங்க சொல்லிச் சிரிக்குது. இத எடுத்துடறேன்."

தாரணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"வெட்டறது ரொம்ப சுலுவு. அன்னிக்கே தெரியும் எனக்கு."

"கவனிச்சியா நீ? அப்ப ஏன் வெட்டல?"

வெளியே பக்கத்து வீட்டு ஐஸ்கிரீம்காரனின் மணி கேட்டு, தெருமுனையில் தேய்ந்தது.

"எல்லாத்துலயும் கீழ உங்க பேருதான் இருந்திச்சி," என்றாள் தாரணி. "என் பேரு வந்தது இது ஒண்ணுலதான்க்கா. அதான் வெட்டல."

பவானேஸ்வரியின் விரல் விசையின் மேல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. திரையில் ஐந்தாவது வாத்து தண்ணீருக்கு மேல் நின்றபடி இருந்தது.

"இப்ப வேணும்னா வெட்டிடலாம்," என்றாள் தாரணி. "கீழதான் பேரு வந்திடப் போவுதே."

"வேணாம்," என்றாள் பவானேஸ்வரி. மறுபடி சொன்னாள். "வேணாம். அது அங்கயே இருக்கட்டும்."

தாரணி அடுப்படிக்குப் போனாள். நறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. பவானேஸ்வரி பன்னிரண்டு பக்கத்திலும் பெயரை மாற்றிவிட்டு அடுத்த பைலைத் திறந்தாள். இன்னும் நூற்று ஐம்பத்து மூன்று இருந்தன.